பழைய ஜோங்காவுக்குப் புதிய எஞ்சினா?

சென்ற திங்கள் இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்று நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. நம் சங்கக் குடும்பம் ஒன்றின் மகள் எழுதிய கடிதம் அது. அவருடைய தந்தையார் ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், வயது 78. இராணுவம் கழித்துவிட்ட ஜோங்கா வண்டி ஒன்றை 1998-ல் ஏலத்தில் எடுத்து, இன்றுவரை பிள்ளையைப் போலப் பேணி வருகிறார். 1984-ல் செய்யப்பட்ட அவ்வண்டி இப்பொழுது மேட்டில் திணறுகிறது, புகை கக்குகிறது, பெட்ரோலுக்கோ கணக்கே இல்லை. பழைய எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஒன்றை ஏற்றிவிடலாம் என்கிறார் தமையனார். கூடவே கூடாது என்கிறார் தங்கை. மூன்று திங்களாக இருவருக்கும் முகங்கொடுத்துப் பேச்சில்லை. "வண்டி எப்படியாவது போகட்டும், நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள்" என்று தந்தையார் சொல்லிவிட்டாராம். நியாயம் எப்பக்கம் என்று நம்மை வினவுகிறார் அம்மகள்.

நம் ஊரின் பெயரையே முதலெழுத்தாகக் கொண்ட வண்டி இது என்பதை இளைஞர்களில் பலர் அறியார். ஜபல்பூர் ஆர்டனன்ஸ் அண்ட் கன் கேரேஜ் அசெம்ப்ளி என்னும் நீண்ட பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்தே ஜோங்கா ஆயிற்று. பீரங்கி வண்டித் தொழிற்சாலை இங்கு 1904-லேயே தோன்றியது. வாகனத் தொழிற்சாலை 1969-ல் ஏற்பட்டது. ஜப்பானின் நிஸான் நிறுவனத்துப் பேட்ரோல் வண்டியின் அமைப்பைக் கொண்டு, 1999 வரை இங்கே ஜோங்கா செய்யப்பட்டது. ஆறு சிலிண்டர், ஏறக்குறைய நான்கு லிட்டர் கொள்ளளவு, பெட்ரோல் எஞ்சின். மலையேறவும் மணலில் நகரவும் பாரம் இழுக்கவும் படைக்கென்று செய்தது அது. எரிபொருளை மிச்சம் பிடிப்பது அதன் நோக்கமன்று. லிட்டருக்கு நான்கைந்து கிலோமீட்டர் கொடுத்தாலே உடையவர் மகிழ்கிறார்.

ஆகவே தமையனாரைப் பகைவராகக் கருதுதல் தகாது. பெட்ரோலுக்குப் பணம் கொடுப்பவர் அவரே. டீசல் எஞ்சினும் இவ்வண்டிக்கு முற்றிலும் அந்நியமன்று; 1996-ல் ஹினோ டீசல் எஞ்சின் பொருத்திய ஜோங்காவைத் தொழிற்சாலையே வெளியிட்டது. ஆனால் தொழிற்சாலை செய்வது வேறு, தெருக்கோடிப் பட்டறை செய்வது வேறு. அந்த வேற்றுமையை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, பழைய எஞ்சின் உண்மையில் செத்துவிட்டதா? புகையின் நிறமே பாதி விடையைச் சொல்லிவிடும். கறுப்புப் புகையானால் பெட்ரோல் அளவுக்கு மிஞ்சி எரிகிறது. குற்றம் பெரும்பாலும் கார்புரேட்டரில் இருக்கும். நீலப் புகையானால் எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் வளையங்களோ வால்வுகளோ தேய்ந்திருக்கலாம். எஞ்சின் சூடேறிய பின்பும் வெண்புகை ஓயாவிடில், உள்ளே நீர் கசிகிறது என்று ஐயுறலாம். அடுத்து, ஆறு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தமானியை வைத்து அளந்து, ஆறு எண்களையும் ஒரு தாளில் குறிக்க வேண்டும். ஒன்று மட்டும் மிகத் தாழ்ந்திருந்தால், அதில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அழுத்தம் உயர்ந்தால் குறை வளையத்தில். உயராவிடில் வால்விலோ கேஸ்கட்டிலோ. இதற்கு அரை நாள் போதும். இதைச் செய்யாமல் எஞ்சினை மாற்றச் சொல்பவர், நாடி பாராமல் அறுவைக்கு நாள் குறிக்கும் மருத்துவரை ஒப்பார்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு சொல். 2025 முதல் நாடெங்கும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலே பரவலாகக் கிடைக்கிறது. பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களும் கார்புரேட்டரின் ரப்பர் உறுப்புகளும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊறிக் கெட்டுப்போகும். குழாய் கசிந்தால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. எஞ்சினை வைத்துக்கொள்வதானாலும் அந்தக் குழாய்களை மாற்றியே ஆகவேண்டும். செலவு சிறிது, தள்ளிப்போடலாகாது.

இரண்டாவது, கணக்கு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 90 ரூபாய் என்று முழு எண்ணாக வைத்துக்கொள்வோம். பழைய எஞ்சின் லிட்டருக்கு 4 கிலோமீட்டரும் டீசல் எஞ்சின் 9 கிலோமீட்டரும் தருவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 1,000 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோலுக்கு 25,000 ரூபாய். டீசலுக்கு 10,000 ரூபாய். மிச்சம் 15,000. மாற்றும் வேலைக்குப் பட்டறை 3 இலட்சம் கேட்டால், போட்ட முதல் திரும்ப 20 ஆண்டுகள் வேண்டும். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கோ அதே பணம் இரண்டே ஆண்டில் திரும்பிவிடும். வண்டி ஒன்று, எஞ்சின் ஒன்று, விலையும் ஒன்று. ஓடும் தூரம் மட்டுமே வேறு. ஆதலால் சண்டையிடுமுன் தூரத்தை எழுதுங்கள் என்கிறோம்.

மூன்றாவது, இயந்திர நியாயம். ஓர் எஞ்சினைத் தூக்கி மற்றொன்றை இறக்குவது, பானையை இறக்கிச் சட்டியை ஏற்றுவது போன்றதன்று. டீசல் எஞ்சின் கனமாக இருந்தால் முன்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள் தாழும். அதன் அதிர்வைத் தாங்கச் சட்டத்தில் புதிய தாங்கிகளைப் பற்றவைக்க வேண்டும். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்க இடைத்தகடு கடைய வேண்டும். அது மயிரிழை கோணினாலும் கிளட்சும் பேரிங்கும் விரைவில் தேயும். எண்ணெய்த் தொட்டி முன் ஆக்ஸிலில் இடிக்காமல் பார்க்க வேண்டும். டீசல் எஞ்சின் பெரும்பாலும் குறைந்த சுழற்சியிலேயே முழு வலிமையைத் தந்துவிடும். ஆகவே பழைய பற்சக்கர விகிதத்தில் வண்டி நெடுஞ்சாலையில் கத்துமேயன்றி விரையாது. பிரேக்கிற்கு வெற்றிட உதவி இருக்குமாயின், பெட்ரோல் எஞ்சின் அதைத் தானே தந்துவந்தது. டீசலுக்குத் தனிப் பம்பு வேண்டும். இதை மறந்த பட்டறையின் தவற்றை மலைச்சரிவில்தான் உணர நேரும்.

நான்காவது, சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்றும் வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. பெட்ரோல் என்று பதிவான வண்டியில் டீசல் எஞ்சின் இருந்து, எஞ்சின் எண்ணும் சான்றோடு பொருந்தாவிடில், விபத்து நேரும் நாளில் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அதுவாகவே இருக்கும். "பிறகு சரிசெய்து தருகிறோம்" என்னும் இடைத்தரகர் வாக்கை நம்பவேண்டாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எழுத்து மூலமான அனுமதி கையில் இல்லாமல் ஒரு திருகையும் கழற்றலாகாது.

இதனோடு இன்னொரு விதியையும் அறிதல் நன்று. 2021-ல் வந்த விதிகளின்படி, முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டு கடந்து, சட்டமும் கூடும் எஞ்சினும் மாறாமல் மூல உருவிலேயே உள்ள வண்டி, தொன்மை வாகனம் என்று தனியே பதிவு பெறலாம். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட வேலைக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு போன்றவற்றிற்கே சாலைக்குக் கொண்டுவரலாம். இந்த ஜோங்காவுக்கு அந்த வயது இன்னும் ஆகவில்லை. இன்று எஞ்சினை மாற்றினால், அந்த உரிமை பேரப்பிள்ளைகளுக்குக் கிட்டாமற்போகும்.

"ரயில்வேயே மாற்றவில்லையா?" என்று சிலர் கேட்பர். மாற்றியதுண்டு. 2018-ல் வாரணாசியில் பழைய டீசல் ரயில் எஞ்சின்களை மின்சாரத்தில் ஓடும்படி மாற்றி அமைத்தார்கள். அவ்வேலை 69 நாளில் முடிந்தது. ஆனால் அதே ரயில்வே நீலகிரி மலைப்பாதையில் என்ன செய்தது என்பதையும் பாருங்கள். நிலக்கரியில் ஓடிய நீராவி எஞ்சின் சிலவற்றை எண்ணெயால் எரியும்படி மாற்றினார்கள். எனினும் நீராவியைக் கைவிடவில்லை. 2021-ல் திருச்சி பொன்மலைப் பணிமனையில் நிலக்கரியால் இயங்கும் புதிய நீராவி எஞ்சினையே பழைய முறைப்படி செய்து அனுப்பினார்கள். சரக்கை இழுப்பதற்கென்று உள்ள இயந்திரத்திற்கு ஒரு நியாயம். தான் எவ்வாறு இயங்குகிறது என்று காட்டுவதற்கென்றே நிலைத்துள்ள இயந்திரத்திற்கு இன்னொரு நியாயம். உழைக்கும் வண்டியா, நினைவைச் சுமக்கும் வண்டியா என்பதை முதலில் தெளிந்துகொண்டால், எஞ்சின் பற்றிய கேள்வி தானே பாதி தீர்ந்துவிடும்.

அக்குடும்பத்தின் வண்டி ஞாயிற்றுக்கிழமைகளில் பேடாகாட் வரை போய்வருகிறது. ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை என்று மகள் எழுதியிருக்கிறார். ஆகவே நம் தீர்ப்பு இது: எஞ்சினை மாற்ற வேண்டாம். அழுத்தம் அளந்து, தேவையானால் ரீபோர் செய்து, கார்புரேட்டரையும் குழாய்களையும் செப்பனிடுக. தமையனாருக்கும் ஒரு நீதி உண்டு: பெட்ரோல் செலவை அவர் ஒருவர் தலையிலேயே சுமத்தலாகாது. நினைவைக் காக்க விரும்பும் தங்கை அந்த 15,000 ரூபாயில் பாதியை ஏற்பதே முறை. அன்புக்கும் பங்கு பிரித்த கணக்கு இருந்தால்தான் அது நெடுநாள் நிற்கும்.

இந்த எஞ்சினைத் தம் கையால் பூட்டிய பெரியவர்கள் நம் காலனிகளிலேயே பலர் இருக்கிறார்கள். வால்வு இடைவெளியை விரல் நுனியால் அறிந்தவர்கள் அவர்கள். எஞ்சினின் ஓசையைக் கேட்டே எந்தச் சிலிண்டர் முடங்கியது என்று சொல்லக்கூடியவர்கள். உதிரிப் பாகங்களைப் பழைய இரும்புக் கடையில் தேடியாவது பெறலாம். அந்த அறிவை எக்கடையிலும் வாங்க முடியாது. எஞ்சின் பிரிக்கப்படும் நாளில் வீட்டுப் பிள்ளைகள் ஒரு குறிப்பேட்டோடு அருகில் நின்று, பெரியவர் சொல்லும் ஒவ்வொன்றையும் தமிழில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். எழுதியதை இப்பத்திரிகைக்கு அனுப்பினால் மகிழ்வுடன் வெளியிடுவோம்.