கரையில் இறங்கலாம், இரவில் எங்கே தங்குவது?

பனிக்காலம் தொடங்கியதும் வட அமெரிக்காவில் ஒரு பெரும் இடப்பெயர்வு நிகழ்கிறது. மிச்சிகன், ஒகாயோ, நியூயார்க், கனடாவின் ஒண்டாரியோ போன்ற குளிர்ப் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் தெற்கு நோக்கிப் புறப்படுகிறார்கள். அவர்களுக்குப் 'பனிப்பறவைகள்' என்றே பெயர். பெரும்பாலோர் சேருமிடம் ஃபுளோரிடாவின் வெதுவெதுப்பான கடற்கரைகள். விடுதி வாடகை கட்டுபடியாகாத குடும்பங்களுக்கு அங்குள்ள அரசுப் பூங்காக்களின் கூடார முகாம்களே புகலிடம். ஓர் இரவுக்கு ஏறத்தாழ 30 டாலர் செலுத்தினால், கூடாரம் அடிக்க ஒரு துண்டு நிலமும், குடிநீரும், கழிப்பறையும், குளிக்க இடமும் கிடைக்கும். பொது நிலத்தில், பொதுப் பணத்தில் நடக்கும் ஏற்பாடு இது.

இதில் நமக்கென்ன என்று தோன்றலாம். ஒரு செய்தி அதற்கு விடை தருகிறது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் ஆண்டுதோறும் சில நாட்களை நுழைவுக் கட்டணமில்லா நாட்களாக அறிவிக்கின்றன. மார்ட்டின் லூதர் கிங் நினைவாக ஜனவரியில் வரும் விடுமுறையும், அடிமைமுறை முடிவுக்கு வந்ததைக் கொண்டாடும் ஜூன் 19ஆம் நாளும் 2025ஆம் ஆண்டுப் பட்டியலில் இருந்தன. 2026ஆம் ஆண்டுப் பட்டியலிலிருந்து இவ்விரண்டும் நீக்கப்பட்டுவிட்டன. ஜூன் 14, கொடி நாள், புதிதாகச் சேர்க்கப்பட்டுள்ளது. அது அதிபர் டிரம்ப்பின் பிறந்தநாளும்கூட என்பதை அரசின் அறிவிப்பே குறிப்பிடுகிறது.

ஒரு நாள் நுழைவுக் கட்டணம் பெரிய தொகையன்று. ஆனால் நீக்கப்பட்ட பெயர் யாருடையது என்பதும், அவர் எந்தக் கடற்கரையில் எதற்காகப் போராடினார் என்பதும் தெரிந்தால், இது வெறும் கட்டணக் கணக்கு அல்ல என்பது விளங்கும்.

அனஸ்டேசியா தீவு

ஃபுளோரிடாவின் வடகிழக்குக் கரையில் உள்ள பழமையான நகரம் செயின்ட் அகஸ்டின். அதையொட்டிய அனஸ்டேசியா தீவில் இன்று அரசுப் பூங்கா ஒன்றும் அதில் குடும்பங்கள் விரும்பித் தேடும் கூடார முகாமும் உள்ளன. 1964ஆம் ஆண்டு ஜூன் மாதம் இதே தீவின் கடலில் கறுப்பின இளைஞர்களும் அவர்களுக்குத் துணைநின்ற வெள்ளையர்களும் இறங்கினார்கள். வெள்ளை இனவாதிகள் அவர்களைத் தண்ணீருக்குள்ளேயே தாக்கினார்கள். ஜூன் 11 அன்று, நகரின் மான்சன் விடுதி உணவகத்தில் உணவு கேட்டதற்காகக் கிங் கைது செய்யப்பட்டார். ஜூன் 18 அன்று அந்த விடுதியின் நீச்சல் குளத்தில் கறுப்பினத்தவர் இறங்கியபோது, விடுதி மேலாளர் குளத்துக்குள் அமிலத்தை ஊற்றினார். அந்தப் புகைப்படம் உலகெங்கும் வெளியானது. ஜூலை 2 அன்று குடிமை உரிமைச் சட்டம் கையெழுத்தானது.

இங்கே கவனிக்க வேண்டியது, போராட்டம் கடலோடு நிற்கவில்லை என்பது. கடற்கரை, உணவகம், விடுதி, நீச்சல் குளம் என்று ஒரு பயணக் குடும்பம் ஒரு நாளில் கடக்கும் எல்லா வாசல்களும் போராட்டக் களங்களாயின. தொலைவிலிருந்து வரும் குடும்பத்துக்குக் கடற்கரையில் கால் நனைக்கும் உரிமை மட்டும் கிடைத்தால் போதாது. பொழுது சாய்ந்ததும் குழந்தைகளை எங்கே உறங்க வைப்பது என்ற கேள்விக்கு விடை இல்லையென்றால் அந்தக் கடற்கரை அவர்களுக்குத் திறந்ததாகாது. பாகுபாடு தன் முழு உருவத்தைக் காட்டுவது இரவில்தான்.

பயணத்துக்கு ஒரு வழிகாட்டி

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த அஞ்சல் ஊழியர் விக்டர் ஹ்யூகோ கிரீன் 1936இல் வெளியிடத் தொடங்கிய 'கிரீன் புக்' இந்த இரவுப் பிரச்சினைக்கான விடைதான். கறுப்பினப் பயணிகளைத் துரத்தாத விடுதிகள், வாடகைக்கு அறை தரும் வீடுகள், உணவகங்கள் ஆகியவற்றை ஊர்வாரியாகத் தொகுத்த சிறு நூல் அது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வெளிவந்தது. ஒரு தேசத்தின் குடிமக்கள் தம் சொந்த நாட்டில் பயணம் செய்ய இப்படியொரு கையேடு தேவைப்பட்டது.

அரசின் முகாம்களும் விதிவிலக்கல்ல. வெர்ஜீனியாவின் ஷெனந்தோவா தேசியப் பூங்காவில் 1939இல் லூயிஸ் மவுண்டன் என்ற பகுதி 'நீக்ரோக்களுக்கு' என ஒதுக்கித் திறக்கப்பட்டது. உணவகம், குடில்கள், கூடார முகாம் எல்லாம் அங்கே தனி. இந்தப் பிரிவினை 1950 வரை நீடித்தது.

கடற்கரைகளில் ஒதுக்கீடு இன்னும் கொடுமையானது. மியாமியின் ஹாலோவர் கடற்கரையில் 1945 மே 9 அன்று கறுப்பினத்தவர் சிலர் தடையை மீறிக் கடலில் இறங்கினார்கள். அவர்களுடைய வழக்கறிஞர் லாசன் தாமஸ் பிணைத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றார். கைது நடந்தால் அதைக் கொண்டு நீதிமன்றம் செல்வது அவரது திட்டம். கைது நடக்கவில்லை. மாறாக, அதே ஆண்டு ஆகஸ்டில் வர்ஜீனியா கீ என்ற தீவின் கடற்கரை 'நிறத்தவருக்கு மட்டும்' எனத் திறந்துவிடப்பட்டது. 1947இல் பாலச்சாலை வரும்வரை அங்கே படகில்தான் போக வேண்டும். உரிமை கேட்டவருக்கு ஒதுக்குப்புறம் கொடுப்பது நமக்குப் பழகிய தந்திரம். சேரியும் தனிச் சுடுகாடும் அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஃபோர்ட் லாடர்டேலிலும் இதே கதை. கறுப்பினத்தவருக்கென 1954இல் ஒதுக்கப்பட்ட கடற்கரைக்குச் சாலை போட்டுத் தருவதாகச் சொன்ன நிர்வாகம் ஆண்டுக்கணக்கில் போடவில்லை. யூலா ஜான்சன், மருத்துவர் வான் மைசெல் ஆகியோர் தலைமையில் 1961 ஜூலை 4 அன்று மக்கள் வெள்ளையர் கடற்கரையிலேயே இறங்கினார்கள். நகராட்சி அவர்கள்மீது வழக்குத் தொடுத்து 1962இல் தோற்றது. அந்தப் பழைய ஒதுக்குப்புறக் கடற்கரை இருந்த அரசுப் பூங்கா 2016 முதல் அவ்விருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

எல்லாவற்றையும்விடத் தெளிவான பாடம் தென் கரோலினாவில் உள்ளது. எடிஸ்டோ கடற்கரைப் பூங்காவில் கறுப்பினத்தவரையும் அனுமதிக்கக் கோரி வழக்கு வந்ததும், 1956இல் அரசு அப்பூங்காவையே மூடியது. 1963இல் மாநிலத்தின் எல்லாப் பூங்காக்களையும் அனைவருக்கும் திறக்கும்படி நீதிமன்றம் ஆணையிட்டபோது, எல்லாவற்றையும் இழுத்து மூடியது. 1964இல் மீண்டும் திறந்தபோது இரண்டை மட்டும் நிறுத்தி வைத்தது: நீந்துதல், தங்கும் குடில்கள். அவை 1966இல்தான் திரும்பி வந்தன. ஒரே தண்ணீரில் இறங்குவதும் ஒரே கூரைத் தொடரில் உறங்குவதும்தான் ஆதிக்கச் சமூகத்தின் கடைசி அரண்கள் என்பதை அந்த அரசே ஒப்புக்கொண்டது போலாயிற்று. தீட்டு என்ற சொல் அவர்கள் மொழியில் இல்லாதிருக்கலாம். செயல் இருந்தது.

பயணியின் உரிமையும் சட்டமும்

1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் தலைப்பு விடுதிகள், உணவகங்கள், கேளிக்கை இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடை செய்தது. உடனே அட்லாண்டா நகரின், 216 அறைகள் கொண்ட ஒரு விடுதி இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 'ஹார்ட் ஆஃப் அட்லாண்டா' வழக்கு என அறியப்படும் அதில், 1964 டிசம்பர் 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. தீர்ப்பின் அடித்தளம், மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் நாடாளுமன்றத்தின் அதிகாரம். தங்க இடம் கிடைக்காததால் கறுப்பினத்தவரின் பயணம் தடைப்படுகிறது, தனிக் கையேடே தேவைப்படும் அளவுக்கு நிலைமை முற்றியிருக்கிறது என்பதைத் தீர்ப்பு கணக்கில் கொண்டது.

இதை நம் அரசமைப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பது சட்ட மாணவர்களுக்குப் பயன் தரும். அமெரிக்கா 1964இல் வணிக அதிகாரத்தின் வழியாகச் சுற்றிவந்து அடைந்த இடத்தை, 1950இலேயே நமது உறுப்பு 15(2) நேரடியாக அடைந்துவிட்டது. கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றில் நுழைவதையும், அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுவிடங்கள் ஆகியவற்றைப் பயன்படுத்துவதையும் சாதியின் பெயரால் எவரும் தடுக்கலாகாது என்கிறது அது. 1955ஆம் ஆண்டுக் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவு தர்மசாலை, சத்திரம் போன்ற தங்குமிடங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தாள் அளவில் நாம் பின்தங்கியவர்கள் அல்லர்.

இன்றைய வாசல்கள்

இன்று ஃபுளோரிடாவின் எந்த முகாமிலும் 'வெள்ளையருக்கு மட்டும்' என்ற பலகை இல்லை. இப்போதைய நிலையைப் பழைய நிறப் பிரிவினையோடு சமன்படுத்துவது அன்று போராடியவர்களுக்குச் செய்யும் அநீதி. ஆனால் வாசல்கள் வேறு வடிவில் குறுகுகின்றன.

முதலாவது, முன்பதிவு. 2024 ஜனவரி 1 முதல் ஃபுளோரிடாவில் வசிப்போர் 11 மாதங்களுக்கு முன்பும், பிறர் 10 மாதங்களுக்கு முன்பும் அரசுப் பூங்கா முகாம்களைப் பதிவு செய்யலாம். உள்ளூர் மக்களுக்கு முன்னுரிமை என்ற அளவில் இதில் நியாயம் உண்டு. எனினும், அடுத்த ஜனவரியில் எந்த வாரம் விடுப்பு கிடைக்கும் என்று இந்தப் பிப்ரவரியிலேயே அறிந்திருப்பவர் யார்? சம்பளத்துடன் விடுப்பு தர வேண்டும் என்று தனியார் முதலாளிகளைக் கட்டாயப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டம் அமெரிக்காவில் இல்லை. மணிக்கூலிக்கு வேலை செய்யும் தாய்க்கு அடுத்த வார வேலை நேரமே நிச்சயமில்லை. மொண்டானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்து தேசியப் பூங்கா முகாம்களின் கைப்பேசி இருப்பிடத் தரவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், முன்பதிவு தேவைப்படும் இடங்களில் தங்கியவர்கள், முதலில் வருவோருக்கு என விடப்பட்ட இடங்களில் தங்கியவர்களைவிட வருமானம் கூடிய பகுதிகளிலிருந்து வந்திருந்தது தெரிந்தது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். அதன் விளைவு ஒன்றல்ல.

இரண்டாவது, நிலம். 2024 ஆகஸ்டில் ஃபுளோரிடா அரசு ஒன்பது பூங்காக்களில் கட்டுமானத் திட்டங்களை முன்வைத்தது. கிங் கைதான ஊரை ஒட்டிய அதே அனஸ்டேசியாவில் 350 அறைகள் வரை கொண்ட விடுதி. ஜான்சன், மைசெல் பெயர் தாங்கிய பூங்காவில் 'பிக்கிள்பால்' ஆடுகளங்கள். 30 டாலர் முகாம் உள்ள பூங்காவில் விடுதி எழுந்தால், அந்தக் கரை காலப்போக்கில் யாருக்குரியதாகும் என்று ஊகிப்பது கடினமன்று. மக்கள் கட்சி வேறுபாடின்றிக் கொதித்தெழுந்தார்கள். சில நாட்களிலேயே திட்டம் பின்வாங்கப்பட்டது. 2025இல் அரசுப் பூங்காக்களில் இத்தகைய கட்டுமானங்களைத் தடுக்கும் சட்டமும் நிறைவேறியது. பொது நிலத்தைக் காக்க மக்கள் திரண்டால் வெல்ல முடியும் என்பதற்கு இது அண்மைச் சான்று.

மூன்றாவது, நினைவு. கிங் நாள் பட்டியலிலிருந்து நீங்கியது இந்த வரிசையில்தான் வருகிறது. இந்தக் கரைகள் எப்படித் திறந்தன என்பதை ஒரு தலைமுறை மறந்துவிட்டால், அடுத்த முறை அவை மூடப்படும்போது அதைப் பார்வை வழி அடையாளம் காணவும் ஆளிருக்காது.

நமக்கான கேள்வி

1959இல் இந்தியா வந்த கிங், கேரளத்தில் தீண்டப்படாத சமூகங்களைச் சேர்ந்த மாணவர்கள் படித்த ஒரு பள்ளிக்குச் சென்றார். தலைமையாசிரியர் அவரை 'அமெரிக்காவிலிருந்து வந்த சக தீண்டப்படாதவர்' என்று அறிமுகம் செய்தார். முதலில் திடுக்கிட்டதாகவும், பின்னர் தம் மக்களின் நிலையை எண்ணிப் பார்த்து அது உண்மையே என்று உணர்ந்ததாகவும் 1965இல் ஆற்றிய ஒரு பிரசங்கத்தில் அவர் கூறினார்.

அந்த உண்மையை அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்வில் முன்பே எழுதி வைத்திருந்தார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற அவரது நினைவுக் குறிப்புகளைப் பயண நூலாகவும் படிக்கலாம். 1901இல் தந்தையைக் காணக் கிளம்பிய சிறுவர்கள் வழியெங்கும் குடிக்கத் தண்ணீரின்றித் தவித்ததும், 1917இல் வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அறிஞர் பரோடாவில் தங்க இடமின்றிப் பார்சிப் பெயரில் ஒரு விடுதியில் ஒளிந்து வாழ்ந்ததும் அதில் உள்ளன. பதினோராம் நாள் தடிகளுடன் வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது.

ஆகவே சுற்றுலா என்பது வசதி படைத்தவர் விவகாரம், நமக்கு அதைவிட அவசரமான பிரச்சினைகள் உண்டு என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஓய்வெடுப்பதும், குழந்தைக்குக் கடலைக் காட்டுவதும், பெயரும் ஊரும் விசாரிக்கப்படாமல் ஓர் இரவு தங்குவதும் குடியுரிமையின் பகுதிகளே. நம் ஊரில் ஒரு கடற்கரையோ பூங்காவோ அரசுப் பணத்தில் 'மேம்படுத்தப்படும்' என்று அறிவிப்பு வரும்போது, யார் நுழையலாம் என்பதோடு வேறு சிலவற்றையும் கேட்போம். இரவு தங்கும் கட்டணம் எவ்வளவு? பதிவு செய்யும் முறை என்ன? இலவசத் தண்ணீரும் கழிப்பறையும் உண்டா? ஒப்பந்தம் யாருக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கல்லூரி மாணவரே கேட்கக்கூடிய கேள்விகள் இவை.

பரோடாவில் விரட்டப்பட்ட அன்று, போக இடமின்றி நின்ற அம்பேத்கர் சென்று அமர்ந்தது ஊரின் பொதுப் பூங்காவில். ரயிலுக்கு முந்தைய ஐந்து மணி நேரத்தை அங்கேதான் கழித்தார். இரவானதும் பம்பாய்க்கு ரயிலேறினார்.