மறைத்தால் உரிமை மறைந்துவிடுமா?

தந்தை கண்மூடிப் பத்து நாள் ஆகவில்லை. பெட்டிச் சாவி மூத்தவன் மடியில்! பத்திரம் எங்கே, பாஸ்புத்தகம் எங்கே என்று தங்கை கேட்டால், “உனக்குத்தான் சீர் செய்தாயிற்றே!” என்று பதில் வருகிறது. ஊருக்கு ஊர் நடக்கும் அநியாயம் இது.

சட்டம் என்ன சொல்கிறது? குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று 1989இலேயே சட்டம் கண்டது தமிழகம். அன்று விலக்கப்பட்டிருந்த மணமான பெண்களுக்கும் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வுரிமையை வழங்கியது. ஆனால், இருக்கும் சொத்தையே இல்லையென்று ஒளித்துவிட்டால், அந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய்தானே?

ஒளித்ததை வெளிக்கொணர வழியுண்டு. இந்திய வாரிசுரிமைச் சட்டம் (1925), சொத்தை ஒருவர் முறைகேடாகக் கைப்பற்றினால், இறப்பு நேர்ந்த ஆறு மாதத்துக்குள் மாவட்ட நீதிபதியிடம் மனுச் செய்ய இடமளிக்கிறது. பொருள்களைப் பட்டியலிட்டு முத்திரையிடவும், காப்பாளரை நியமிக்கவும் அவருக்கு அதிகாரமுண்டு. அந்த ஆறு மாதம் கடந்தாலும் பாகப்பிரிவினை வழக்குத் தொடரலாம்; வங்கிக் கணக்கேடுகளை நீதிமன்றத்தின் மூலம் வரவழைக்கலாம். நிலம் கைமாறியதா என்பதை வில்லங்கச் சான்று காட்டிக்கொடுக்கும்.

“நான்தான் நாமினி, எல்லாம் எனக்கே!” என்பாரும் உளர். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர, வாரிசுகளின் பங்கை விழுங்கப் பிறந்தவரல்லர். பங்குப் பத்திரங்கள் பற்றி 2023இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. மோசடியால் மறைக்கப்பட்டிருந்தால், அது தெரியவரும் வரை காலவரையறையும் ஓடத் தொடங்காது என்கிறது 1963ஆம் ஆண்டுச் சட்டம்.

இத்தனை இருந்தும் ஏழை விதவைக்குப் பயன் என்ன? ரிசர்வ் வங்கி 2023இல் தொடங்கிய ‘உத்கம்’ தளம், பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புப் பணத்தைத்தான் காட்டும். அண்ணன் சத்தமின்றித் துடைத்தெடுத்த கணக்கு அதில் தெரியுமா?

எனவே கேட்கிறோம்: வாரிசுச் சான்றிதழ் காட்டும் எவருக்கும், இறந்தவரின் கணக்கு விவரத்தை வங்கிகள் தந்தே தீரவேண்டும் என்று சட்டம் செய்க! அச்சான்றிதழுடன், இந்த வழிமுறைகளை எளிய தமிழில் அச்சிட்டு, வாரிசுகள் ஒவ்வொருவர் கையிலும் தாலுகா அலுவலகம் கொடுக்கட்டும். வருமானம் எதுவாயினும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு என்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டம். அதையும் அத்தாளிலேயே கொட்டை எழுத்தில் பொறிக்கட்டும்.

சகோதரிகளே! சீர் வேறு, பங்கு வேறு. ஆறு மாதம் விரைந்து ஓடிவிடும். அதற்குள் எழுந்து கேளுங்கள்!