அயல்நாட்டுக் காட்சிகள்: பின்லாந்தின் மொழிக்கூடு

பின்லாந்து என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவன உறைந்த கடலும், நள்ளிரவிலும் மறையாத ஞாயிறும், ஒரு காலத்தில் நம் அனைவர் கையிலும் இருந்த நோக்கியாத் தொலைபேசியுமே. இவற்றைப் பற்றி எழுதியோர் பலர். அந்நாட்டில் நாம் தங்கியிருந்த மூன்று வாரங்களில் நம் உள்ளத்தைக் கவர்ந்தது வேறொன்று. ஐம்பத்தாறு இலட்சம் மக்களே வாழும் அச்சிறு நாட்டில் ஒரு மொழி அடுக்களையிலிருந்து அரியணை ஏறிய வரலாறும், மற்றொரு மொழி மாளும் தறுவாயிலிருந்து மீண்ட வரலாறுமே அது. தாய்மொழி வழங்காத ஊரில் பிள்ளைகளை வளர்க்கும் நம் போன்றோர்க்கு இதனினும் அணுக்கமான செய்தி இல்லை. ஆதலின் இத்திங்கள் அதனையே எழுதுகின்றோம்.

இரு பெயர்த் தெருக்கள்

தலைநகராகிய ஹெல்சிங்கியில் ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு பெயர்கள். பலகையில் மேலே பின்னிஷ் மொழியில் ஒன்று. கீழே ஸ்வீடிஷ் மொழியில் ஒன்று. நகருக்கே இரு பெயர்கள்: பின்னிஷில் ஹெல்சிங்கி, ஸ்வீடிஷில் ஹெல்சிங்போர்ஸ். டில்லியில் ஒரே பெயரை நான்கு வகை எழுத்துகளில் காண்கின்றோம். அங்கோ எழுத்து ஒன்றே, மொழிதான் இரண்டு.

ஸ்வீடிஷைத் தாய்மொழியாகக் கொண்டோர் இன்று நூற்றுக்கு ஐவர் அளவினரே. எனினும் 1919-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு இரு மொழிகளையும் நாட்டு மொழிகளாக ஏற்றுக் கொண்டது. இக்காலச் சட்டப்படி, ஓர் ஊரில் இவ்விரு மொழிகளுள் சிறுபான்மையானதைப் பேசுவோர் நூற்றுக்கு எண்மரோ, அன்றி மூவாயிரவரோ இருப்பின், அவ்வூர் இருமொழி ஊராகும். அவர்களுக்கு அவர்தம் மொழியிலேயே அலுவலகங்கள் மறுமொழி தருதல் வேண்டும்.

இதில் வியப்பென்னவெனில், ஸ்வீடிஷ் ஆண்டோர் மொழி. பின்னிஷ் ஆளப்பட்டோர் மொழி. அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்நாடு ஸ்வீடனின் பகுதியாக இருந்தது. 1809-இல் ருஷ்யப் பேரரசின் கீழ் வந்தது. 1917 டிசம்பர் 6-ஆம் நாள் விடுதலை பெற்றது. ருஷ்யர் காலத்திலும் நெடுநாள் அலுவலகங்களில் எழுதப்பெற்றது ஸ்வீடிஷே. குடியானவன் வழக்குமன்றத்திற்குச் சென்றால், அவன் வழக்கின் தீர்ப்பு அவனுக்கு விளங்காத மொழியில் எழுதப்பெறும். பின்னிஷ் உழவுக்கும் அடுக்களைக்கும் உரிய மொழி. கல்விக்கு ஆகாது என்பதே கற்றோர் பலரின் எண்ணம்.

குறிலும் நெடிலும்

அம்மொழியைச் செவிமடுக்கும் தமிழர்க்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. நமக்குப் போலவே அவர்களுக்கும் குறில் நெடில் வேறுபாடு உயிர்நிலை. ‘துலி’ என்றால் தீ. ‘தூலி’ என்றால் காற்று. ‘துல்லி’ என்றால் சுங்கச்சாவடி! நாவை ஒரு மாத்திரை நீட்டினால் பொருள் மாறிவிடும். நாம் ‘வீட்டில்’ என்று உருபைச் சேர்ப்பது போல, ‘தலோ’ என்னும் வீடு ‘தலோஸ்ஸா’ என வீட்டில் ஆகும். ‘தலோஸ்ஸானி’ என என் வீட்டில் ஆகும். நமக்கு வேற்றுமை எட்டு, அவர்களுக்குப் பதினைந்து. ஆணுக்கும் பெண்ணுக்கும் ‘ஹேன்’ என்னும் ஒரே சுட்டுப்பெயர்தான். இவ்வொற்றுமைகளைக் கொண்டு உறவு முறை பாராட்ட வேண்டுவதில்லை. அம்மொழிக்கு நெருங்கிய சுற்றம் எஸ்டோனிய மொழி, தொலைவுச் சுற்றம் ஹங்கேரிய மொழி.

படிக்காதவனுக்கு மணமில்லை

இத்தகைய மொழி அரசின் ஆதரவின்றி எவ்வாறு பிழைத்தது? துர்க்கு நகரின் பேராயராக விளங்கிய மிகேல் அக்ரிகொலா என்பார் 1543-ஆம் ஆண்டளவில் பின்னிஷ் மொழியின் முதல் அச்சு நூலை வெளியிட்டார். அது காவியமன்று, இலக்கணமன்று, பிள்ளைகளுக்கான அரிச்சுவடி. 1548-இல் புதிய ஏற்பாட்டையும் அம்மொழியில் தந்தார்.

பின்னர் 1686-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் மக்கள் யாவரும் படிக்கக் கற்பதை வலியுறுத்திற்று. சமயப் பாடத்தைப் படித்துக் காட்டாதவர்க்குத் திருச்சபையில் உறுதிபூசுதல் இல்லை. உறுதிபூசுதல் பெறாதவர்க்குத் திருமணமும் இல்லை! படிப்பைக் கற்பிக்கும் கடமை பெரும்பாலும் வீட்டின்மேல் விழுந்தது. ஊர்ப் பாதிரியார் வீடு வீடாக முறை வைத்துக் கூட்டம் கூட்டி, முதியோர் இளையோர் அனைவரையும் படிக்கச் சொல்லிக் கேட்பார். எழுதத் தெரியாதவரும் படிக்கத் தெரிந்தவராயினர். பள்ளிக்கூடம் வருமுன்னரே மொழி நூல்வடிவில் வீட்டிற்குள் நுழைந்துவிட்டது.

இவ்வழக்கத்தின் இன்பத்தையும் துன்பத்தையும் அறிய விரும்புவோர் அலெக்ஸிஸ் கிவி 1870-இல் எழுதிய ‘ஏழு சகோதரர்’ என்னும் புதினத்தைத் தேடிப் படிக்கலாம். எழுத்துக் கற்க அஞ்சிக் காட்டுக்கு ஓடிய ஏழு முரடரின் கதை அது. கடைசியில் அவர்களும் படிக்கக் கற்கின்றனர். பின்னிஷில் தோன்றிய முதற்பெரும் புதினம் இதுவே. ஆயினும் பேராசிரியர் ஒருவர் அதனைக் கடுமையாக இகழ்ந்தார். கிவி வறுமையிலும் நோயிலும் வாடி, 1872-ஆம் ஆண்டின் இறுதி நாளன்று 38-ஆம் வயதில் மறைந்தார். இன்று அவர் பிறந்த நாளாகிய அக்டோபர் 10 அந்நாட்டின் இலக்கிய நாள். அன்று நாடெங்கும் கொடி ஏற்றுகின்றனர். வாழ்ந்தபோது சோறிடாமல், மறைந்தபின் சிலையெடுக்கும் வழக்கம் உலகப் பொதுமை போலும்!

பெயரை மாற்றிய குடும்பங்கள்

தையற்காரர் மகனாகப் பிறந்து மருத்துவரான எலியாஸ் லொன்ரோட் கிழக்கு எல்லைச் சிற்றூர்களுக்கு நடந்தும், படகேறியும், பனிச்சறுக்கியும் சென்று, நாட்டுப் பாடல்களைக் கேட்டு எழுதினார். அர்ஹிப்பா பெர்த்துனேன் என்னும் முதியவரிடமிருந்து மட்டும் நாலாயிரத்துக்கு மேற்பட்ட அடிகள் கிட்டின. அவற்றைக் கோத்து 1835-இல் ‘கலேவலா’ என்னும் காவியத்தை வெளியிட்டார். அச்சிட்ட 500 பிரதிகள் விற்றுத் தீரப் பத்தாண்டுகளுக்கு மேலாயின. 1849-இல் 22,795 அடிகளாக விரிந்த பதிப்பே இன்று உலகம் அறிந்தது.

கற்றோர் மனம் திரும்பியது அதன்பின்னரே. ஸ்வீடிஷைத் தாய்மொழியாகக் கொண்ட ஸ்னெல்மன் என்னும் அறிஞர், மக்களின் மொழியே கல்விக்கும் ஆட்சிக்கும் உரியது என்று ஸ்வீடிஷிலேயே எழுதி வாதாடினார்! 1858-இல் யுவாஸ்கூலா நகரில் முதல் பின்னிஷ் வழி உயர்பள்ளி தோன்றியது. 1863-இல் ருஷ்யப் பேரரசர், இருபது ஆண்டுகளுக்குள் பின்னிஷ் பேசுவோர் தொடர்பான அலுவல்களில் அம்மொழி ஸ்வீடிஷுக்கு நிகராகவேண்டும் என்று ஆணையிட்டார். ஸ்னெல்மனின் நூற்றாண்டு விழாவாகிய 1906 மே 12-ஆம் நாளையொட்டிப் பல்லாயிரவர் தம் ஸ்வீடிஷ் குடும்பப் பெயர்களைப் பின்னிஷாக மாற்றிக் கொண்டனர். தாமே விரும்பி, வீட்டுப் பேச்சையும் மாற்றிய குடும்பங்கள் பலவுண்டு. பெற்றோர் திணறித் திணறிக் கற்ற மொழி, பிள்ளைகளுக்குத் தாய்மொழியாயிற்று.

வீட்டு வாழ்க்கை

அந்நாட்டார் வீட்டில் நுழைவதில் நமக்கு இடர்ப்பாடு இல்லை. வாயிலிலேயே காலணியைக் கழற்றிவிட வேண்டும். அமர்ந்தவுடன் காப்பி வரும். உலகில் தலைக்கு இவ்வளவு காப்பி அருந்துவோர் மிகச் சிலரே. ஆயினும் கொட்டையை இளவறுவலாக வறுப்பதால், நம் வீட்டுக் கள்ளிச் சொட்டு டிகாக்ஷனை எதிர்பார்ப்போர் ஏமாறுவர். கம்பு போன்று கருநிறமுடைய ரை மாவு ரொட்டி, நாட்படப் பழகினால் சுவைக்கும். நீராவிக் குளியலறையாகிய ‘சௌனா’ ஏறத்தாழ வீட்டுக்கொன்று. ஐம்பத்தாறு இலட்சம் பேருக்கு முப்பது இலட்சம் சௌனா என்பது கணக்கு. அங்கே பதவியும் செல்வமும் உடையோடு வெளியே தொங்குகின்றன. பேச்சுக் குறைவு, வாய்மூடியிருத்தலை அங்கு எவரும் வருத்தமாகக் கொள்வதில்லை.

மகப்பேறு எய்தும் தாய்க்கு அரசாங்கம் ஒரு பெட்டி வழங்குகின்றது. 1938-இல் ஏழைத் தாய்மார்க்கெனத் தொடங்கி, 1949-இல் அனைவர்க்கும் உரியதாயிற்று. குழந்தையின் சட்டை, போர்வை முதலியவற்றுடன் அதில் ஒரு படப் புத்தகமும் உண்டு. பல் முளைக்குமுன் நூல்! தலைநகரில் நாடாளுமன்றத்திற்கு எதிரே 2018 டிசம்பரில் திறக்கப்பெற்ற ‘ஊடி’ என்னும் நூலகத்தில், நூலடுக்குகளுக்கு அருகே குழந்தை வண்டிகள் வரிசையாக நிற்பதைக் கண்டோம். தாய் படிக்க, மடியிலிருந்த மகவு கேட்டுக் கொண்டிருந்தது.

இனாரியின் கூடு

இனிக் கதையின் மறுபக்கம். தம் மொழியைப் பிறர் இகழ்ந்த துன்பத்தை அறிந்த பின்னிஷ் மக்களே, வடகோடியில் வாழும் சாமி மக்களின் மொழிகளை நெடுங்காலம் மதித்தாரல்லர். இரண்டாம் உலகப் போருக்குப்பின் சாமிப் பிள்ளைகள் வீட்டினின்றும் தொலைவிலிருந்த பள்ளி விடுதிகளில் பின்னிஷ் வழியே வளர்ந்தனர். விடுமுறைக்கு வீடு திரும்பிய பிள்ளை தாயிடம் தாய்மொழியில் பேச நாணிற்று. அப்பிள்ளைகள் பெற்றோரானபோது, தம் மக்களுக்கு அம்மொழியைத் தரவில்லை.

ஹெல்சிங்கிக்கு வடக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இனாரி ஏரி இருக்கின்றது. அதன் கரையில் பேசப்பெறும் இனாரிச் சாமி மொழியைப் பேசுவோர் சில நூற்றுவரே. 1990-களில் அதனைப் பேசும் சிறுவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்நிலையில், 1986-இல் தோன்றிய சிறு மொழிச் சங்கம் ஒன்று 1997-இல் ‘மொழிக்கூடு’ அமைத்தது. நியூஸிலாந்தின் மவோரி மக்கள் 1982-இல் தொடங்கிய முறை அது.

முறை மிக எளிது. பள்ளி செல்லாத சிறுவர்களை நாள்தோறும் அம்மொழி அறிந்தோரிடம் விடுவர். பாடப் புத்தகமில்லை, தேர்வில்லை. உண்பதும் உடுப்பதும் ஆடுவதும் அம்மொழியிலேயே நிகழும். பிள்ளை பின்னிஷில் விடை கூறினும் கடிந்துகொள்வதில்லை. ஆனால் பெரியவர் தம் மொழியை விட்டு இறங்குவதுமில்லை. சில திங்களில் பிள்ளை தானே வந்து சேர்ந்துகொள்கிறது என்று அவ்வூர் ஆசிரியை ஒருவர் நமக்கு விளக்கினார். பின்னர்ப் பள்ளியிலும் அம்மொழி வழிப் பாடம் கிடைத்தது. ஆயினும் பாட்டனுக்கும் பேரனுக்கும் இடையே ஒரு தலைமுறை ஊமையாக நின்றது. எனவே 2009-10-இல் வளர்ந்தோர் சிலர் ஓராண்டு முழுவதையும் செலவிட்டு அம்மொழியைக் கற்றனர். முதியோர் இல்லங்களுக்குச் சென்று பேசிப் பழகினர். ஆமோக் என்னும் பெயருடைய இளம் பாடகர் 2007-இல் அம்மொழியில் ராப் இசைத்தட்டே வெளியிட்டார். சில நூற்றுவர் பேசும் மொழியில் இளைஞர்க்கு விருப்பமான பாட்டு! மொழி என்பது அருங்காட்சிப் பொருளன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

நம் கையில் உள்ளது

எட்டுக் கோடித் தமிழர் உலகில் உள்ளனர். தமிழ் மாளுமோ என்று நாம் அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் ஒரு குடும்பத்தில் தமிழ் மாளுதற்கு ஒரு தலைமுறை போதும். நம் பிள்ளைகள் தமிழைக் கேட்டுப் புரிந்துகொள்கின்றனர். விடையோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ வருகின்றது. நாமும் விரைவு கருதி அம்மொழிக்கே இறங்கிவிடுகின்றோம். இனாரியின் ஆசிரியை இறங்காத படி அதுவே.

நம் இல்லங்களில் ஊரிலிருந்து வந்து திங்கட்கணக்கில் தங்கும் பாட்டியரும் தாத்தாக்களும் உளர். பேச்சுத் துணையின்றி, மூன்றாம் மாடிப் பலகணியில் அமர்ந்து தெருவைப் பார்த்துக் கொண்டிருக்கின்றனர். மொழிக்கூட்டுக்கு வேண்டிய ஆசிரியர் இவர்களன்றி வேறு யாவர்? ஞாயிறுதோறும் சங்க மண்டபத்தில் இரண்டு மணி நேரம் சிறுவர்களை இவர்களிடம் விட்டால் போதும். பூத்தொடுக்கட்டும், பல்லாங்குழி ஆடட்டும், கதை கேட்கட்டும். ஒரே விதி: பெரியவர் தமிழை விட்டு இறங்கலாகாது. வீட்டிலும் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு இவ்விதியைக் கொள்ளலாம்.

அரியணையோ ஆணையோ வருமுன், பின்லாந்தில் மொழியைக் காத்தது அரிச்சுவடியும் அடுக்களையுமே. அவ்விரண்டும் நம்மிடமும் உள்ளன. அன்பர்கள் எண்ணிப் பார்ப்பாராக.