தாச்சியில் கொதிக்கும் எண்ணெய்

திருகோணமலையில் எண்ணெய் என்றால், வெளியூர் அன்பர்கள் சீனன்குடாவையே நினைக்கின்றனர். பிரித்தானியர் தம் கடற்படைக்காக அங்கே எழுப்பிய பெருந்தாங்கிகளுள் இன்று எஞ்சியிருப்பவை 99. அவற்றை ஆள்பவர் யார் என்பதுபற்றிக் கொழும்பிலும் புதுடில்லியிலும் பேசிய பேச்சுக்கு அளவில்லை. விரிகுடாவின் இக்கரையில், துறைமுகத்தை அடுத்த தெருக்களின் தேநீர்க்கடைகளிலே தாச்சியிற் கொதிக்கும் எண்ணெயைப்பற்றியோ எவரும் வாய் திறப்பதில்லை. நம் உடம்பினுட் புகுவது இதுவேயாதலால், இதனைப்பற்றியே நான் எழுத விரும்புகிறேன்.

எள்ளின் நெய்யே எண்ணெய். வடமொழியார்க்கும் திலத்திலிருந்து வந்ததே தைலம். ஆதியில் எண்ணெய் என்ற சொல் எள்ளுக்கே உரியதாயிருந்து, பிற்காலத்தில் எல்லாவற்றுக்கும் பொதுவாயிற்று. அதன்பின் அதனை வேறுபடுத்திக் காட்ட 'நல்ல' என்ற அடைமொழி வேண்டியதாயிற்று. அவ்வடைமொழி வீண் புகழ்ச்சியன்று. நல்லெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு நூற்றுக்குப் பதினைந்து பங்களவே. எஞ்சியதிற் பெரும்பகுதி ஒலெயிக், லினோலெயிக் என்னும் நிறைவுறாக் கொழுப்பமிலங்கள். எளிதிற் காறிப்போகாதபடி காக்கும் பொருள்களும் அதனுள்ளேயே அமைந்துள்ளன. பூப்படைந்த பெண்ணுக்கு முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்த நம் பாட்டிமார் இக்கணக்கை அறிந்திலர். ஆயினும் அதன் அருமையை அறிந்திருந்தனர். இன்று விலை காரணமாக அது அடுக்களையை விட்டுத் தலைமுழுக்குக்கும் சாமி விளக்குக்கும் ஒதுங்கிவிட்டது.

தேங்காய் எண்ணெய்க்கு வருவோம். இதில் இரு கட்சிகள் உள. இது இதயத்துக்குப் பகை என்பது ஒரு கட்சி. 1958இல் அன்சல் கீஸ் என்னும் அமெரிக்க அறிஞர் தொடங்கிய ஏழு நாட்டு ஆய்வு நிறைவுற்ற கொழுப்பின்மேல் ஐயத்தை விதைத்தது. 2017இல் அமெரிக்க இதயச் சங்கம் தேங்காய் எண்ணெயைத் தவிர்க்குமாறே அறிவுறுத்தியது. நம் முன்னோர் உண்டதை மேல்நாட்டார் பழிப்பதா என்று சினப்பது மற்றைக் கட்சி. இவர்கள் பசிபிக் சமுத்திரத்து டோக்கெலாவ் தீவினரைச் சான்று காட்டுவர். உணவுச் சக்தியிற் பாதிக்கு மேல் தென்னையிலிருந்தே பெற்ற அம்மக்களிடையே இரத்தக்குழாய் நோய் அரிதாயிருந்தது என 1981இல் வெளியான ஆய்வு கூறியது உண்மையே. ஆனால் அவர்கள் உண்டது முழுத் தேங்காயும் மீனும். சீனியும் உப்பும் மிகக் குறைவு. நாள் முழுதும் உடலுழைப்பு. நாமோ கதிரையில் அமர்ந்து, சீனி கரைத்த தேநீரோடு வடை தின்றுகொண்டு, டோக்கெலாவ் மீனவனைச் சாட்சிக்கு அழைக்கிறோம்!

கணக்கு எளியது. நிறைவுற்ற கொழுப்பு, நாளொன்றின் மொத்தச் சக்தியில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 2000 கலோரி உண்பவருக்கு அது ஏறத்தாழ 22 கிராம். இரண்டு மேசைக்கரண்டித் தேங்காய் எண்ணெயே அவ்வெல்லையைத் தொட்டுவிடும். காலையில் சொதி, மதியம் பாற்கறி, இரண்டிலும் தேங்காய்ப் பால். அதன்மேல் பொரியல் என்றால் எல்லை எங்கே நிற்கும்? நான் தேங்காயை விடச் சொல்லவில்லை. சம்பலும் சொதியும் இல்லாத உணவை நானும் விரும்பேன். பால் விட்ட நாளில் பொரியலை விடலாம் என்பதே என் கருத்து.

எந்த எண்ணெய் நல்லது என்று ஆராய்வதற்கு முன், வாங்கியது எந்த எண்ணெய் என்பது தெரியவேண்டும். நாட்கூலிக்குக் கடலுக்கும் துறைமுகத்துக்கும் செல்பவர் வீட்டில் முழுப்போத்தல் வாங்குவது அரிது. கால்போத்தல் அளந்து ஊற்றும் எண்ணெய்க்குச் சீட்டும் இல்லை, பெயரும் இல்லை. தேங்காய் எண்ணெய் என்று விற்பதில் பாம் எண்ணெய் எவ்வளவு கலந்தது என்பதைக் கண்ணாற் கண்டறிய இயலாது. 2021 மார்ச்சில், இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அஃபிளாடொக்சின் என்னும் புற்றுநோய் நஞ்சு காணப்பட்டது. அடுத்த மாதம் அரசு பாம் எண்ணெய் இறக்குமதிக்குத் தடை விதித்தது. அத்தடையும் பின்னர்த் தளர்ந்தது. சில்லறைக் கடையின் எண்ணெய்த் தகரமோ அன்றுபோலவே திறந்து கிடக்கிறது. இந்நிலையில் ஒலிவ் எண்ணெய் வாங்குக என்று பத்திரிகைகளில் உபதேசிப்போர் எந்த ஊரில் வாழ்கின்றனரோ, அறியேன்.

இதனினும் கொடியது பழைய எண்ணெய். மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெய் கறுத்துத் தடித்து, ஒட்சியேற்றத்தால் தீய சேர்வைகள் பலவற்றைத் தன்னுட் சேர்த்துக்கொள்கிறது. நல்லெண்ணெயாயினும் இதற்கு விலக்கில்லை. இந்தியாவில் இத்தகைய சேர்வைகள் நூற்றுக்கு 25ஐ மீறிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது என 2018இல் விதி வந்தது. நம் கடைகளிலோ நேற்றைய எண்ணெயின்மேல் இன்றைய எண்ணெயை ஊற்றுவதே முறை. கொத்து ரொட்டிக் கல்லில் உருகும் மாஜரினுக்கும் ஒரு சொல்: ஐதரசன் ஏற்றி இறுக்கிய கொழுப்பில் பிறக்கும் 'டிரான்ஸ்' கொழுப்பை உலக உணவிலிருந்தே அகற்றவேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2018இல் அறைகூவல் விடுத்தது.

நம் கடல் தரும் கொழுப்பையும் மறக்கலாகாது. சாளையும் சூடையும் மலிவான மீன்கள். இதயத்துக்கு இதமான ஒமேகா-3 நிறைந்தவை. அவற்றைப் புளி விட்டுக் குழம்பு வைக்காமல், கறுத்த எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்துத் தின்பது என்ன விவேகமோ!

இப்பக்கத்தைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்கள் கொழுப்பமிலங்களின் இரட்டைப் பிணைப்பை வகுப்பிற் கரும்பலகையில் வரைந்து காட்டுகின்றனர். இடைவேளை மணி அடித்ததும் அதே மாணவர் சிற்றுண்டிச்சாலைக்கு ஓடி, ரோல்ஸும் வடையும் வாங்குகின்றனர். அங்குள்ள தாச்சியின் எண்ணெய் எத்தனை நாளையது என்று கேட்கும் உரிமை அதிபருக்கும் பெற்றோருக்கும் உண்டு. விடை திருப்தியில்லையேல், பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து அந்தத் தாச்சியைக் காட்டலாம்.