அடிமரத்துக்குக் கீழே யார்?



ராசிபுரம், சேந்தமங்கலம், திருச்செங்கோடு பக்கம் போகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். வெட்டிச் சாய்த்த புளியமரம் துண்டுபோட்டுக் கிடக்கும். பக்கத்தில் லாரி நிற்கும். ஆறேழு பேர் வெறுங்காலோடு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கடப்பாரையால் நெம்பி, தோள் கொடுத்து அடிமரத்தை மேலே தள்ளுவார்கள். "புடி, புடி, விட்றாதீங்கடா" என்று மேஸ்திரி கத்துவார். பாதி ஏறிய மரம் நழுவினால் கீழே நிற்கிறவரின் கால் போகும். நெஞ்சில் விழுந்தால் உயிர் போகும்.

இந்த ஆறேழு பேரும் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்று விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் நமக்குத் தெரிந்த பதில்தான் வரும்: பறையர் சேரி, அருந்ததியர் தெரு. மரம் பண்ணயக்காரருடையது. லாரி இன்னொருவருடையது. மர வாடியும் மில்லும் வேறொருவருடையது. மரத்துக்குக் கீழே இருக்கிற உடம்பு மட்டும்தான் நம்முடையது.

"இவனுங்களுக்கு வலு சாஸ்தி, மாடு மாதிரி தூக்குவானுங்க" என்பார்கள். இதைப் பாராட்டு என்று நினைத்து நம் இளைஞர்களும் நெஞ்சை நிமிர்த்துகிறார்கள். இது பாராட்டே அல்ல. வலு இருப்பவனுக்குக் கருவி எதற்கு என்று கேட்பதற்கான முன்னுரை. நாற்பது வயதில் முதுகு ஒடிந்து திண்ணையில் உட்காருகிறவரை வந்து பார்க்க, அப்படிப் பாராட்டிய ஒருவரும் வருவதில்லை.

கணக்கைப் பார்ப்போம். ஒன்றரை அடி குறுக்களவும் பத்தடி நீளமும் உள்ள பச்சைப் புளியந்துண்டு சுமார் அரை டன் இருக்கும். 600 கிலோ என்றே வைத்துக்கொள்வோம். லாரித் தளம் நாலடி உயரம். பன்னிரண்டடி நீளமுள்ள இரண்டு வலுவான கட்டைகளைத் தளத்தில் சாய்த்துக் கட்டினால், மரத்தை அதன்மேல் ஏற்ற 200 கிலோ விசை போதும். இரண்டு வடக்கயிறுகளை எடுத்து, ஒவ்வொன்றின் ஒரு முனையையும் தளத்தில் கட்டி, மரத்துக்கு அடியில் விட்டுச் சுற்றி, மறுமுனையை மேலே கொண்டுபோய் லாரிக்கு அந்தப் பக்கம் நின்று இழுத்தால் அதுவும் பாதியாகும். மரமே கப்பி மாதிரி உருளும். இழுக்க வேண்டியது 100 கிலோ. நாலு பேர் இழுத்தால் ஆளுக்கு 25. உராய்வுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

இதில் ஒருத்தரும் மரத்துக்குக் கீழே நிற்க வேண்டியதில்லை என்பதுதான் முக்கியம். லாரிச் சக்கரங்களுக்கு முட்டுக்கல் வைக்க வேண்டும். மரம் ஏற ஏறப் பக்கவாட்டில் நின்று நீளக் கழியால் ஆப்பைத் தள்ள வேண்டும். அடி பருத்து நுனி சிறுத்த மரம் ஒரு பக்கமாகத் திரும்பும். ஆகவே இரண்டு கயிற்றையும் ஒரே குரலுக்கு, மரத்தைப் பார்த்துப் பார்த்து இழுக்க வேண்டும். ஏற்றியதும் இரண்டு பக்கமும் முளைக்கட்டை நிறுத்திச் சங்கிலி போட்ட பிறகுதான் அடுத்த துண்டு. இரண்டு கட்டை, இரண்டு கயிறு, நாலு ஆப்பு. இதை வாங்கவா காசில்லை?

கருவி தெரியாத ஊரும் அல்ல இது. லாரிக்குப் பாடி கட்டுவதில் நாமக்கல் நாடறிந்த ஊர். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியாவெங்கும் போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. பூமியைத் துளைக்கும் இயந்திரத்தை லாரிமேல் ஏற்றத் தெரிந்தவர்களுக்கு, ஒரு செயின் பிளாக் மாட்டத் தெரியாதா? தெரியும். கிரேனுக்கு வாடகை உண்டு. நம் உயிருக்கு வாடகையில்லை. அதுதான் காரணம்.

அதே லாரியில் டிரைவர் இருக்கிறார், கிளீனர் இருக்கிறார், லோடுமேன் இருக்கிறார். மூவரும் கூலிகள்தான். ஆனாலும் ஒன்றாகக் குரல் கொடுப்பதில்லை. உழைப்பவர்களையே சாதி அடுக்கடுக்காகப் பிரித்து வைக்கிறது என்பதை அம்பேத்கர் 1936இலேயே விளக்கிவிட்டார். தொழிற்சங்கக்காரர்களும் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

சட்டம் இல்லாமலில்லை. மராட்டியத்தில் மாத்தாடித் தொழிலாளர் சட்டம் 1969இல் வந்தது. கேரளத்தில் சுமட்டுத் தொழிலாளர் சட்டம் (1978) உண்டு. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982இல் வந்தும், அதன்கீழ் உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியம் 1999இல்தான் அமைந்தது. ஒரு ஆண் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் அது கொண்டுவந்த சுமை பற்றிய உடன்படிக்கையை இந்தியா ஏற்கவில்லை. வேலை விபத்துக்கு நட்டஈடு கேட்க 1923 முதலே சட்டம் உண்டு. ஆனால் விபத்து நடந்த அன்று "அவன் என் ஆளே இல்லை" என்று மேஸ்திரியைக் கை காட்டுவார் முதலாளி. மேஸ்திரி செல்போனை அணைத்துவிடுவார். வாரிய அட்டையும் இல்லையென்றால் அந்தக் குடும்பம் யாரைப் போய்க் கேட்கும்?

நம்மையும் கேட்டுக்கொள்வோம். கொடிக்கம்பத்துக்காகவும் சிலைக்காகவும் ஊரைத் திரட்டினோம். திரட்டியது சரிதான். ஆனால் மரமேற்றப் போன அண்ணன் கால் ஒடிந்து கிடந்தபோது "விதி" என்று சொல்லிவிட்டு வந்தோமே, அது யார் சொல்லிக்கொடுத்த வார்த்தை?

கல்லூரி மாணவர்களே, இயற்பியல் புத்தகத்தில் சாய்தளமும் கப்பியும் படிக்கிறீர்கள். மதிப்பெண்ணோடு அதை விட்டுவிடாதீர்கள். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது லோடு ஏற்றுகிறவர்களோடு உட்காருங்கள். அவர்களுக்குத் தெரிந்த நுட்பம் உங்களுக்குத் தெரியாது, அதை முதலில் கேளுங்கள். பிறகு மூன்று வேலை செய்யுங்கள். ஒவ்வொருவரையும் வாரியத்தில் பதிய வையுங்கள். யார் வேலைக்குக் கூப்பிட்டார், எந்த வண்டி, எந்த நாள் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கட்டையும் கயிறும் இல்லாமல் மரத்தில் கை வைப்பதில்லை என்று தெருவே சேர்ந்து முடிவெடுக்க வையுங்கள்.

கருவி வந்தால் ஆள் குறையும், கூலி குறையும் என்று பயம் காட்டுவார்கள். டன் கூலி குறையாமல் கருவி வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை. இரக்கத்தைக் கேட்கவில்லை, உரிமையைக் கேட்கிறோம். மரம் மேலே ஏறட்டும். அதற்குக் கீழே இனி ஒருவரும் நிற்க வேண்டாம்.

ஜெய்பீம்.

ஆசிரியர் குழு