ஜெர்மனியில் 'பிஆர்': எத்தனை வருஷம் இருந்தீர்கள் என்பதல்ல, எத்தனை மாதம் பென்ஷன் கட்டினீர்கள் என்பதுதான் கேள்வி!

சங்ககிரியில் 'பெர்மிட்' என்ற வார்த்தைக்கு யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. லாரி வைத்திருக்கும் ஊர்; எந்த வண்டிக்கு எப்போது பெர்மிட் முடிகிறது என்பது அன்றாடக் கணக்கு. இப்போது அதே வீடுகளில் இன்னொரு பெர்மிட்டும் பேச்சில் அடிபடுகிறது. "பையன் ஜெர்மனி போய் மூணு வருஷம் ஆச்சு, இன்னும் பிஆர் வரலையே, ஏன்?"

2024 அக்டோபரில், இந்தியத் திறன் பணியாளர்களுக்கான விசா எண்ணிக்கையை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக ஜெர்மனி அறிவித்தது. சேலம், நாமக்கல் வட்டாரத்துப் பொறியியல் பட்டதாரிகளுக்கு அது பெரிய கதவு. ஆனால் விசா கிடைப்பது ஒரு கதை, அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைப்பது வேறு கதை.

எத்தனை வருடம் ஆகும்?

எந்த அனுமதியில் போனீர்கள் என்பதைப் பொறுத்தது. 'ப்ளூ கார்டு' வைத்திருப்பவர்களுக்குத்தான் குறுக்குவழி. ஜெர்மன் மொழி பி-1 நிலை தெரிந்தால் 21 மாதம், ஆரம்பநிலையான ஏ-1 மட்டும் என்றால் 27 மாதம். ப்ளூ கார்டுக்கு 2026-ல் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 50,700 யூரோ. ஐடி, பொறியியல் போன்ற ஆள் பற்றாக்குறை வேலைகளுக்குச் சுமார் 45,900 யூரோ போதும்.

சாதாரணத் திறன் பணியாளர் அனுமதியில் இருப்பவர்களுக்கு முன்பு 4 ஆண்டு. 2024 மார்ச் முதல் 3 ஆண்டு. ஜெர்மனியிலேயே பட்டம் வாங்கி வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு 2 ஆண்டு. மற்ற எல்லோருக்கும் 5 ஆண்டு. ஜெர்மன் சட்டம், சமூகம் பற்றிய தேர்வும் உண்டு: 33 கேள்விகளில் 15 சரியாக இருந்தால் பிஆருக்குப் போதும். இதற்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை.

அப்புறம் எங்கே சிக்கல்?

பென்ஷன் கணக்கில். மேலே சொன்ன காலத்துக்கு அங்கே இருந்தால் மட்டும் போதாது, அத்தனை மாதங்களுக்கும் ஜெர்மன் ஓய்வூதியக் காப்பீட்டில் பணம் கட்டியிருக்க வேண்டும். ப்ளூ கார்டு என்றால் 21 அல்லது 27 மாதம், 3 ஆண்டு வழி என்றால் 36 மாதம், 5 ஆண்டு வழி என்றால் 60 மாதம். சம்பளத்தில் 18.6 சதவீதம் இதற்குப் போகிறது. பாதி ஊழியர், பாதி நிறுவனம். நம்மூர் பிஎஃப் மாதிரிதான். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. பிடித்தம் இல்லாதவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

யார் அவர்கள்? முதலில், இந்திய ஐடி நிறுவனம் 'ஆன்சைட்' அனுப்பியவர்கள். இந்தியா – ஜெர்மனி இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இங்குள்ள பிஎஃப் அலுவலகச் சான்றிதழோடு போகிறவருக்கு பிஎஃப் இங்கேயே தொடரும். ஜெர்மனியில் பென்ஷன் பிடிக்க மாட்டார்கள். கையில் வரும் சம்பளம் கூடுதலாகத் தெரியும். ஆனால் பிஆர் கணக்கில் அந்த மாதங்கள் பூஜ்ஜியம். நிறுவனத்துக்குள் இடம் மாற்றி அனுப்பும் 'ஐசிடி' அனுமதியும் அந்தக் குறுக்குவழிகளில் சேராது. மூன்று வருஷம் ஃபிராங்ஃபர்ட்டில் உழைத்தும், பிஆர் வழியில் முதல் படியிலேயே நிற்கிற நிலை இப்படித்தான் வருகிறது.

அடுத்து, மாணவர்கள். படிக்கும்போது செய்யும் 'மினிஜாப்' வேலையில், மாதம் சில யூரோ மிச்சமாகும் என்று பென்ஷன் விலக்குப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். போட்டால் அந்த மாதங்கள் கணக்கில் வராது.

மூன்றாவது, ஊர் திரும்பி, கட்டிய பென்ஷன் பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள். அப்படி வாங்கினால் பழைய மாதங்கள் அத்தனையும் அழிந்துவிடும். மறுபடி ஜெர்மனி போனால் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும். பணமும் முழுசாக வராது. ஊழியர் பங்கு மட்டும்தான். கார் வாங்க அந்தப் பணத்தை எடுக்கலாமா என்று யோசிப்பவர்கள் இதையும் சேர்த்து யோசிப்பது நல்லது.

நிரந்தரம்னா நிரந்தரமா?

இல்லை! பிஆர் கிடைத்தபின், 6 மாதத்துக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே இருந்தால் பொதுவாக அது தானாகவே காலாவதி ஆகிவிடும். அப்பாவுக்கு அறுவை சிகிச்சை, ஊரில் எட்டு மாதம் இருக்க வேண்டும் என்றால், கிளம்பும் முன்பே வெளிநாட்டினர் அலுவலகத்தில் கூடுதல் அவகாசம் எழுதி வாங்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை: ப்ளூ கார்டுக்கு இந்த வரம்பு 12 மாதம். அதைக் கொடுத்துவிட்டு 'நிரந்தர' அனுமதி வாங்கினால் 6 மாதம்! ஊருக்கு அடிக்கடி வந்துபோக வேண்டியவர்களுக்கு, 5 ஆண்டு முடிந்ததும் கிடைக்கும் ஐரோப்பிய ஒன்றிய நீண்டகால வசிப்பு அனுமதிதான் வசதி. அதில் ஒன்றியத்துக்கு வெளியே 12 மாதம், முன்பு ப்ளூ கார்டு வைத்திருந்தவர்களுக்கு 24 மாதம் வரை இருக்கலாம்.

லாரி ஓட்டுநர்கள் போகலாமா?

ஜெர்மனியில் ஓட்டுநர் பற்றாக்குறை உண்மைதான். ஆனால் நம்ம ஹெவி லைசென்ஸ் அங்கே குடியேறிய 6 மாதம் வரைதான் செல்லும். பிறகு ஜெர்மன் லைசென்ஸும் தொழில்முறை ஓட்டுநர் தகுதியும் வேண்டும். லைசென்ஸின் எழுத்துத் தேர்வை ஜெர்மன் தவிர வேறு சில மொழிகளிலும் எழுதலாம். அதில் தமிழ் இல்லை, இந்தியும் இல்லை. ஓட்டுநராக மட்டும் போகிறவருக்கு 21 மாதக் குறுக்குவழி கிடையாது. 5 ஆண்டு, 60 மாத பென்ஷன், பி-1 ஜெர்மன். 'ரெண்டே வருஷத்தில் பிஆர்' என்று சொல்லி லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்டிடம், எந்த அனுமதியில் அனுப்புகிறீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

விதி நடுவில் மாறுமா?

மாறும். பிரிட்டனில் திறன் பணியாளர்களுக்கு 5 ஆண்டில் கிடைத்து வந்த நிரந்தர உரிமையை 10 ஆண்டாக்குவதாக 2025 மே மாத வெள்ளை அறிக்கை சொன்னது. நவம்பரில் வந்த விரிவான திட்டத்தில், முதியோர் பராமரிப்பு போன்ற வேலைகளில் இருப்பவர்களுக்கு 15 ஆண்டு என்றார்கள். ஏற்கெனவே அங்கே போய், இன்னும் உரிமை கிடைக்காமல் காத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும் என்பதுதான் அந்தத் திட்டத்தின் முள். ஜெர்மனியும் விதிவிலக்கில்லை. 2024 ஜூனில் தொடங்கிய 3 ஆண்டுக் குடியுரிமை வழியை 2025 அக்டோபரில் மூடிவிட்டது. இப்போது 5 ஆண்டு. தகுதி வந்த மாதமே விண்ணப்பித்துவிட வேண்டும் என்று அனுபவசாலிகள் அவசரப்படுத்துவது இதனால்தான்.

பிஆர் வேறு, குடியுரிமை வேறு என்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிஆர் வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட் அப்படியே இருக்கும். ஜெர்மன் குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும். ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை ஏற்றாலும் இந்தியா ஏற்காது. பரம்பரைக் காடு மகன் பேருக்கு வருவதில் தடை இல்லை. புதிதாக விவசாய நிலம் வாங்குவதற்குத்தான் தடை. அது வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியக் குடிமகனுக்கும் உண்டு, ஓசிஐ அட்டைக்காரருக்கும் உண்டு.

அப்பா, அம்மாவை அழைத்துக்கொள்ளலாமா?

2024 மார்ச் 1 அல்லது அதற்குப் பிறகு முதல் அனுமதி பெற்ற திறன் பணியாளர்களுக்கு ஜெர்மனி இந்த வாய்ப்பைத் தந்திருக்கிறது. அதற்கு முன்பே போனவர்களுக்குக் கிடையாது. வீடும் வருமானமும் காட்டுவது கஷ்டமில்லை. பெற்றோருக்கு முழுமையான மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். அரசுக் காப்பீட்டில் அவர்களைச் சேர்ப்பது எளிதல்ல. அறுபதைத் தாண்டிய, சர்க்கரை, பிரஷர் உள்ள ஒருவருக்குத் தனியார் காப்பீடு தேடும் இடத்தில்தான் பல விண்ணப்பங்கள் நிற்கின்றன.