கைகுலுக்குறது டில்லி… விலை கொடுக்குறது நாமா?



வாய்க்கால் விவகாரம் பேச பக்கத்துத் தோட்டக்காரர் கூப்பிடுறார்னு வைங்க. குடும்பத்துல மூத்தவர்தான் போய் உட்காருவார். ஆனா கிளம்புறதுக்கு முந்தி தம்பிமார்கிட்ட ஒரு வார்த்தை கேட்பார். எந்த மடையை விட்டுக் கொடுக்கலாம், எதை விடக் கூடாதுன்னு கேட்டுட்டுத்தான் போவார். கேட்காமலே போய், தம்பி வயலுக்குப் பாயுற மடையை எழுதிக் கொடுத்துட்டு வந்தா என்ன ஆகும்? பக்கத்துத் தோட்டக்காரரோட உறவு பலப்படும். தம்பி வீட்டுல அடுப்பு எரியாது.

அண்டை நாடுகளோடு டில்லி நடத்துற பேச்சுவார்த்தையும் இப்படித்தான் நடந்துக்கிட்டு இருக்கு. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இதே கதைதான். "வத்திராயிருப்பு சம்சாரிக்கும் வெளிநாட்டு மாநாட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பவர்கள் தயவுசெய்து கடைசி வரி வரைக்கும் படியுங்கள்.

படத்துக்குப் பின்னால் நடந்தது என்ன?

1985 டிசம்பர் 8ஆம் தேதி டாக்காவில் சார்க் அமைப்பு தொடங்கியது. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, நேபாளம், பூட்டான், மாலத்தீவு என்று ஏழு நாடுகள். 2007ல் ஆப்கானிஸ்தானும் சேர்ந்தது. சண்டை போடாம உட்கார்ந்து பேசுறது நல்ல காரியம். அதை நாம் எதிர்க்கவில்லை.

2004 ஜனவரியில் இஸ்லாமாபாத்தில் சார்க் மாநாடு நடந்தது. வாஜ்பாயும் முஷாரஃபும் சந்தித்ததுதான் அன்றைக்குப் பெரிய செய்தி. அதே மாநாட்டில் 'சாப்டா' என்ற தெற்காசிய தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. அது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2006 ஜனவரி 1 முதல் அது அமலுக்கும் வந்துவிட்டது. 2014ல் காத்மாண்டுவில் நடந்ததுக்குப் பிறகு சார்க் உச்சி மாநாடே நடக்கவில்லை. 2016ல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியதும் நின்று போனது. மாநாடு நின்றது, ஒப்பந்தம் நிற்கவில்லை. தலைவர்கள் பேச்சை நிறுத்தினாலும் சரக்கு லாரி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

பனை எண்ணெய் மரமே இல்லாத ஊரிலிருந்து பாமாயில்!

நேபாளத்தில் பாமாயில் விளைகிறதா? இல்லை. ஆனால் நேபாளத்திலிருந்து இந்தியாவுக்குப் பாமாயில் வந்தது. எப்படி? மலேசியா, இந்தோனேசியா எண்ணெயை அவர்கள் இறக்குமதி செய்து, சுத்திகரித்து, சாப்டா ஒப்பந்தத்தைக் காட்டி வரியில்லாமல் இங்கே தள்ளினார்கள். நேராக வந்தால் வரி உண்டு. நேபாளம், வங்கதேசம் வழியாகச் சுற்றி வந்தால் வரி இல்லை. எண்ணெய் ஆலைக்காரர்களே கூச்சல் போட்ட பிறகு, 2020 ஜனவரியில்தான் சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டு வந்தது. 2024 செப்டம்பரில் சமையல் எண்ணெய்க்கு வரி ஏற்றியதும், நேபாளம் வழியாகச் சுத்திகரித்த எண்ணெய் மறுபடியும் பெருக்கெடுத்தது.

இது புதுசும் இல்லை. 1998 டிசம்பர் 28ல் வாஜ்பாயும் சந்திரிகாவும் கையெழுத்துப் போட்ட இந்திய–இலங்கை ஒப்பந்தம் 2000 மார்ச்சில் அமலானது. அதன் பிறகு வெளிநாட்டுப் பாமாயிலைக் கொண்டு இலங்கையில் வனஸ்பதி செய்து, வரியில்லாமல் இங்கே அனுப்பினார்கள். கடைசியில் ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்று வரம்பு கட்ட வேண்டியதாப் போச்சு. மிளகுக்கும் இதே கதி. வரியில்லாமல் வர 2,500 டன் என்று அளவு வைத்தார்கள். வியட்நாம் மிளகு இலங்கை மிளகு என்ற பேரில் வருவதாகக் கேரளத்திலும் குடகிலும் விவசாயிகள் போராடினார்கள். 2017 டிசம்பரில்தான் கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்து மிளகு இறக்குமதி செய்யக் கூடாது என்று உத்தரவு வந்தது.

கவனிச்சுப் பாருங்க. கையெழுத்துப் போடும்போது நம்மைக் கேட்கவில்லை. வெள்ளம் உள்ளே வந்த பிறகுதான் கரை போடுறாங்க.

பாங்காக்கில் போட்ட கையெழுத்து

2009 ஆகஸ்ட் 13ல் ஆசியான் நாடுகளோடு பாங்காக்கில் ஒப்பந்தம். கச்சாப் பாமாயில் மீதான வரி உச்சவரம்பை 80 சதத்திலிருந்து படிப்படியாக 37.5 சதமாகக் குறைக்க ஒத்துக்கொண்டு வந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி அன்றைக்கு காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரைக்கும் கேரளத்தில் மனிதச் சங்கிலி நின்றது. அன்றைய முதல்வர் அச்சுதானந்தனே ரோட்டில் இறங்கினார். அதே மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நாம் என்ன செய்தோம்? மனசைத் தொட்டுச் சொல்லுங்க.

உண்மையை மறைக்காமலும் பேசணும். எல்லாப் பழியையும் ஒப்பந்தத்தின் தலையில் போட முடியாது. ஒப்பந்தம் வரி போட இடம் கொடுத்த அளவுக்குக்கூட டில்லி போடவில்லை. 2008லேயே கச்சா எண்ணெய்க்கு வரியைப் பூஜ்யமாக்கினார்கள். 2024ல் 20 சதமாக ஏற்றிய அடிப்படை வரியை 2025 மே கடைசியில் 10 சதமாக இறக்கினார்கள். இந்த நாடு ஆண்டுக்கு 1.5 கோடி டன்னுக்கு மேல் சமையல் எண்ணெய் இறக்குமதி செய்கிறது. அதில் பெரும் பங்கு பாமாயில்.

இது நம்ம தோப்புக்குள்ள எப்படி வருது?

கூமாப்பட்டி, கான்சாபுரம், மகாராஜபுரம், தம்பிபட்டி, சுந்தரபாண்டியம் – பிளவக்கல் தண்ணியை நம்பி நெல்லும், மலையடிவாரத்துக் கிணத்தை நம்பித் தென்னையும் வைத்திருக்கிற ஊர்கள். 2023ஆம் வருஷத்தை மறந்திருக்க மாட்டோம். கொப்பரைக்கு மத்திய அரசு அறிவித்த ஆதார விலை கிலோவுக்கு 108 ரூபாய் 60 காசு. வெளியில் போனதோ 80 ரூபாய்க்கும் கீழே. காய்க்குப் பத்து ரூபாய் கிடைக்கலே. அதிலும் ஏறுற ஆளுக்குக் கூலி, பொறுக்குற கூலி, உரிக்கிற கூலி, போதாக்குறைக்கு வியாபாரிக்கு லாபக்காய். கணக்குப் பார்த்தா கீத்தும் மட்டையும்தான் நமக்கு மிச்சம்.

அந்த வீழ்ச்சிக்குப் பாமாயில் ஒன்றே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. வரத்து கூடினாலும் விலை விழும். ஆனால் சோப்புக்காரனும் மிட்டாய்க்காரனும் பிஸ்கட்காரனும் விலை குறைஞ்ச பாமாயில் பக்கம் போயிட்டா, தேங்காய் எண்ணெயை வாங்க ஆள் எங்கே? தமிழ்நாட்டு ரேஷன் கடையிலேயே 2007 முதல் பாமாயில்தான். லிட்டர் 25 ரூபாய். ஏழைக்கு மலிவா எண்ணெய் கொடுக்கிறதை நாம் குறை சொல்லவில்லை. நம்ம வீட்டுக் கார்டுக்கும்தான் வாங்குகிறோம். அந்தப் பாக்கெட்டுக்குள்ள ஏன் நம்ம தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் இருக்கக் கூடாது என்றுதான் கேட்கிறோம்.

2025ல் கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. சந்தோஷம்தான். ஆனால் பலர் தோப்பில் வெள்ளை ஈ விழுந்து காய் பிடிப்பே இல்லை. விலை இருந்தபோது காய் இல்லை. காய் இருந்தபோது விலை இல்லை. விலை ஏறினா "மக்கள் பாவம்" என்று சொல்லி வரியைக் குறைக்கிறாங்க. விலை விழுந்தா "சம்சாரி பாவம்" என்று சொல்லி வரியைக் கூட்டுற வேகம் ஏன் வரமாட்டேங்குது?

அண்டை நாட்டு விவசாயி நமக்கு எதிரி இல்லை

இலங்கைத் தென்னை விவசாயியோ நேபாளத்துக் குடியானவனோ நம்ம வயித்துல அடிக்கலே. சுற்றி விடுகிற எண்ணெயில் லாபம் பார்க்கிறவன் வேற ஆள். அந்த நாட்டுச் சம்சாரிக்கு அதில் காலணா கிடையாது.

இலங்கையைப் பார்த்து நாம் கத்துக்க வேண்டியதே இருக்கு. அங்கே உருளைக்கிழங்கும் பெரிய வெங்காயமும் அறுவடையாகும் நேரத்தில், வெளியிலிருந்து வரும் சரக்குக்கு விசேட வரியை ஏற்றிவிடுவார்கள். சின்ன நாடு, கடன்பட்ட நாடு. அதுவே தன் விவசாயிக்குக் குடை பிடிக்குது. டில்லியோ 2019 செப்டம்பரில் வெங்காய ஏற்றுமதியைத் திடீரென்று நிறுத்தியது. அடுத்த மாதம் டில்லி வந்த வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா, சமையலில் வெங்காயம் போட வேண்டாம் என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். அங்கே வாங்குகிறவனுக்கும் கஷ்டம், இங்கே விற்கிறவனுக்கும் நஷ்டம். இதுவா நல்லுறவு?

கேட்டால் கிடைக்கும் – 2019 சாட்சி!

"இதெல்லாம் பெரிய இடத்து விஷயம், நாம கத்தி என்ன ஆகப் போகுது?" என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது.

2019 செப்டம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே நேரத்தில் 'ஆர்செப்' என்ற பெரிய ஒப்பந்தம் கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. சீனா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து உள்பட 16 நாடுகள் பேசி வந்த ஒப்பந்தம் அது. நியூசிலாந்துப் பால் பவுடர் வரியில்லாமல் வந்தால், ரெண்டு மாடு வைத்துச் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிற பெண்களின் கதி என்ன? நாடு முழுக்க விவசாயிகளும் பால் உற்பத்தியாளர்களும் தெருவுக்கு வந்தார்கள். 2019 நவம்பர் 4ஆம் தேதி பாங்காக் மாநாட்டிலேயே, இந்தியா சேராது என்று பிரதமர் மோடி அறிவித்துவிட்டு வந்தார். மற்ற 15 நாடுகள் 2020 நவம்பரில் கையெழுத்துப் போட்டன. நாம் போடவில்லை.

1998லும் 2004லும் நமக்குத் தெரியவே இல்லை. 2009ல் கேரளம் மட்டும் கத்தியது. 2019ல் நாடே கத்தியது; பேனா மூடியது. இவ்வளவுதான் கணக்கு.

சட்டத்தில் ஓர் ஓட்டை

அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மத்தியப் பட்டியலில் 14ஆம் இனம் வெளிநாட்டு ஒப்பந்தம். மாநிலப் பட்டியலில் 14ஆம் இனம் விவசாயம். இரண்டுக்கும் நம்பர் ஒன்றுதான். ஆனால் ஒப்பந்தம் போட மாநிலத்தைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. நாடாளுமன்ற ஒப்புதல்கூடக் கட்டாயம் இல்லை. விவசாயம் மாநிலத்துக்கு, அதை விற்கிற உரிமை டில்லிக்கு என்றால், இது என்ன பாகப்பிரிவினை?

இதோடு முடியவில்லை. ஆசியான் ஒப்பந்தத்தை மறு ஆய்வு செய்யும் பேச்சு 2023ல் தொடங்கியது. 2025 ஏப்ரலில் பாங்காக்கில் பிம்ஸ்டெக் உச்சி மாநாடு நடந்தது. இலங்கை, நேபாளம், வங்கதேசம், பூட்டான், மியான்மர், தாய்லாந்து, இந்தியா என ஏழு நாடுகள். அவர்களுக்குள் தடையற்ற வர்த்தகத்துக்கு 2004லேயே அடித்தளம் போட்டுவிட்டார்கள். அதில் தாய்லாந்து தேங்காயும் பாமாயிலும் விளைவிக்கிற நாடு. அடுத்த கையெழுத்துக்கு முன்னாடியே நாம் விழித்துக்கொள்ள வேண்டாமா?

நாம் கேட்பது இவைதான்:

1. விவசாயத்தைத் தொடும் எந்த ஒப்பந்தமானாலும், கையெழுத்துக்கு முன்பே அதன் நகலைத் தமிழில் வெளியிடு! நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் விவாதி!

2. விளையாத நாட்டிலிருந்து விளைந்த சரக்குக்கு வரிச்சலுகை கொடுக்காதே!

3. ஆசியான் மறு ஆய்வில் பாமாயில் வரி வரம்பை உயர்த்து! காய் வரத்து கூடும் மாதங்களில் இறக்குமதி வரியை ஏற்று!

4. ரேஷன் கடையில் தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் வழங்கு!

5. விலை விழுந்து நாறிய பிறகு அல்ல, விழும் முன்பே ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் கொப்பரைக் கொள்முதலைத் தொடங்கு!

விவசாயப் பெருமக்களே! டில்லிக்குப் போக நம்மகிட்ட ரயில் சார்ஜ் இல்லை. ஆனால் கிராமசபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 – வருஷத்துக்கு ஆறு நாள். அடுத்து வருகிற கிராமசபையில் இந்த ஐந்து கோரிக்கையையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். பேருக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வடை டீயோடு திரும்பாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, நகல் வாங்குங்கள். அந்த நகலோடு விருதுநகர் கலெக்டர் ஆபீசில் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாளுக்கு ஊருக்குப் பத்துப் பேராவது திரண்டு வாருங்கள்.

அண்டை நாடுகளோடு டில்லி பேசட்டும். நல்லா பேசட்டும். போறதுக்கு முந்தி தம்பிமார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகட்டும். கேட்க வைக்கிறது நம்ம கையில்தான் இருக்கு!

ஒன்றுபடுவோம்! உரிமையைக் கேட்போம்!